கொல்லைப்புறப் பறவைகளைப் படமெடுப்பதும் எடிட் செய்வதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டைச் சுற்றி வரும் பறவைகளைப் படமெடுக்க ஆசைப்படுகிறவர்கள் கேட்கும் கேள்விகளை இங்கே ஒரே இடத்தில் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன். தமிழ்நாட்டுச் சமவெளியில் ஒரு முருங்கை, ஒரு வேம்பு, நாலு வாழை, துணி காயும் கொடி என்று இருக்கிற சாதாரணக் கொல்லையை மனதில் வைத்தே எழுதுகிறேன். மாடி வீட்டு பால்கனி என்றாலும் பெரும்பாலானவை பொருந்தும்.

பெரிய லென்ஸ் இல்லாமல் தொடங்க முடியுமா?

தாராளமாக. சரணாலயத்துக்குப் போனால் பறவை எவ்வளவு தூரத்தில் உட்காரும் என்பது நம் கையில் இல்லை. வீட்டிலோ தண்ணீர்ச் சட்டியை எங்கே வைப்பது, எந்தப் பக்கம் உட்காருவது, எத்தனை மணிக்கு வெயில் எங்கே விழும் என்பதெல்லாம் நமக்குத் தெரிந்தது. அதனால் கேனான் 55-250 மாதிரி விலை குறைந்த லென்ஸே போதும், அது ஏபிஎஸ்-சி கேமராவில் (நடுத்தர அளவுச் சென்சார் கொண்டது) ஏறக்குறைய 400 மி.மீ. அளவுக்கு நெருக்கிக் காட்டும். பழைய கேமரா, செகண்ட்ஹேண்ட் லென்ஸ் எதுவானாலும் சரி. லென்ஸ் மாற்றுகிற தொல்லையே வேண்டாம் என்றால் நிக்கான் பி950 போன்ற சூப்பர்ஜூம் கேமரா இருக்கிறது, அதன் ஜூம் 2000 மி.மீ.க்கு நிகரான தூரம் வரை போகும். ஆனால் அதன் சென்சார் மிகச் சின்னது என்பதால் வெளிச்சம் குறைந்தவுடன் படம் கரகரப்பாகிவிடும், காலை வெயிலில் மட்டும் நன்றாக வேலை செய்யும்.

150-600 லென்ஸ் வாங்கும் எண்ணம் இருந்தால் ஒன்றைக் கவனியுங்கள். இவற்றில் பலவும் இரண்டு, இரண்டரை மீட்டருக்குள் இருப்பதை ஃபோகஸ் செய்யாது. பால்கனித் தொட்டியில் இட்லிப்பூவுக்கு வரும் தேன்சிட்டு அதைவிடக் கிட்டத்தில் வந்து நிற்கும்.

போனை மட்டும் வைத்து எடுக்கலாமா?

கையில் பிடித்துக்கொண்டு பறவையைத் துரத்தினால் எதுவும் கிடைக்காது. தண்ணீர்ச் சட்டிக்கு இரண்டடி தள்ளி ஒரு செங்கலில் சாய்த்து வைத்து, 4கே வீடியோவை ஓடவிட்டு உள்ளே போய்விடுங்கள். கொஞ்ச நேரத்தில் சின்னானோ தவிட்டுக்குருவியோ வந்து குளிக்கும். அந்த வீடியோவிலிருந்து ஒரு ஃப்ரேமை எடுத்தால் எட்டு மெகாபிக்சல் அளவுக்குப் படம் கிடைக்கும், போனில் பார்க்கவும் சின்னதாக பிரிண்ட் போடவும் அது போதும்.

எந்த நேரத்தில் எடுப்பது நல்லது?

சூரியன் எழுந்து அரை மணி நேரத்திலிருந்து சுமார் ஒன்பது மணி வரை, மாலையில் நாலரைக்கு மேல். நம் ஊர் வெயில் பத்து மணிக்கெல்லாம் தலைக்கு மேல் ஏறிவிடும், அப்போது எடுத்தால் கண் நிழலுக்குள் போய், முதுகு வெளுத்து, இரண்டும் கெட்டுப்போகும். மார்கழி, தை மாதங்களில் சூரியன் சாய்வாகவே போவதால் இன்னும் கொஞ்ச நேரம் கூடுதலாகக் கிடைக்கும்.

இதில் பறவைகளின் பழக்கமும் சேர்ந்து வருகிறது. செம்மார்புக் குக்குறுவான் காலையில் இலையில்லாத உச்சிக் கிளையில் உட்கார்ந்து வெயில் காயும். பகல் முழுக்க இலைகளுக்குள் மறைந்து குரல் மட்டும் கொடுக்கிற பறவை அந்த நேரத்தில் மட்டும் வெளியே உட்கார்ந்திருக்கும். அப்போதுதான் எடுக்க வேண்டும்.

பறவை பக்கத்தில் வரவே மாட்டேன் என்கிறது. என்ன செய்வது?

இதுதான் எல்லாவற்றையும்விட முக்கியமான கேள்வி என்று நினைக்கிறேன், கேமரா பற்றிய கேள்விகளெல்லாம் இதற்குப் பின்னால்தான். பறவையை நோக்கி நடந்தால் அது விலகும். அது வரும் இடத்தில் முன்கூட்டியே போய் உட்கார்ந்துவிட்டால் அதுவாகவே நெருங்கும்.

முதலில் ஒரு வாரம் கேமராவைத் தொடாமல் பாருங்கள். கரிச்சான் எந்தக் கம்பியிலிருந்து பூச்சிக்குப் பாய்ந்து எந்தக் கம்பிக்குத் திரும்புகிறது, பஞ்சுருட்டான் தும்பியைப் பிடித்துவந்து எந்தக் குச்சியில் அடிக்கிறது, தவிட்டுக்குருவிக் கூட்டம் எந்த மூலையில் நுழைந்து எந்த மூலை வழியாக வெளியேறுகிறது என்று. கரிச்சானும் பஞ்சுருட்டானும் பெரும்பாலும் கிளம்பிய இடத்துக்கே திரும்புகிறவை, இதைத் தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. தவிட்டுக்குருவிகள் ஒன்றன் பின் ஒன்றாகத் தரையைக் கிளறிக்கொண்டே நகரும், அவற்றின் பாதையில் முன்னால் போய்த் தரையோடு தரையாக உட்கார்ந்தால் தாங்களாகவே லென்ஸுக்கு முன்னால் வந்துவிடும்.

அப்புறம் தண்ணீர். அகலமான மண்சட்டி, இரண்டு அங்குலத்துக்கு மேல் ஆழம் வேண்டாம், உள்ளே ஒரு கல் போட்டால் சின்னப் பறவைகளுக்குக் கால் வைக்க வசதி. தினமும் தண்ணீரைக் கொட்டிவிட்டுச் சட்டியைத் தேய்த்துக் கழுவ வேண்டும், இல்லையென்றால் டெங்குக் கொசுவை நாமே வளர்த்ததாகிவிடும். பூனை பதுங்கும் புதருக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். சட்டிக்கு ஒரு முழம் தள்ளி நல்ல காய்ந்த கிளை ஒன்றை நட்டு வையுங்கள். வருகிற பறவை நேராகத் தண்ணீரில் இறங்காது, முதலில் அந்தக் கிளையில் உட்கார்ந்து நாலு பக்கமும் பார்க்கும். உங்கள் நல்ல படம் அங்கேதான் கிடைக்கும்.

மூன்றாவது, செடிகள். முருங்கைப் பூ, வாழைப்பூ, செம்பருத்தி, இட்லிப்பூ இருந்தால் தேன்சிட்டு வராமல் இருக்காது. பழுத்த பப்பாளி ஒன்றை மரத்திலேயே விட்டுவிட்டால் சின்னான், குயில், குக்குறுவான் எல்லாம் வரிசையாக வரும். கறிவேப்பிலைப் பழம் குயிலுக்கும் சின்னானுக்கும் மிகவும் பிடிக்கும், கொத்தோடு வெட்டிப் போட்டுவிடாதீர்கள்.

நீங்கள் மறைய ஒரு பழைய கரும்பச்சைப் புடவையைக் கொடியில் தொங்கவிட்டு, லென்ஸ் நுழைய ஒரு ஓட்டை வைத்தாலே போதும். இரண்டு நாள் அங்கேயே தொங்கட்டும், பறவைகள் பழகிவிடும்.

காக்கைக்கு வைக்கும் சோறு போதாதா? சர்க்கரைத் தண்ணீர் வைக்கலாமா?

சோற்றுக்குக் காகமும் மைனாவும் அணிலும் வரும், அவற்றைப் படமெடுக்க அதுவே நல்ல வாய்ப்பு. உப்பு, காரம் சேர்ந்ததை வைக்காதீர்கள். தேன்சிட்டுக்குச் சர்க்கரைத் தண்ணீர் தேவையில்லை, நம் ஊரில் வருடம் முழுக்க ஏதாவது பூத்துக்கொண்டே இருக்கிறது. பூவில் அலகை விட்டிருக்கும் தேன்சிட்டின் படத்துக்கு முன்னால் பிளாஸ்டிக் குப்பியில் குடிக்கும் படம் நிற்கவும் நிற்காது.

ஜன்னல் வழியாக எடுத்தால் மங்கலாக வருகிறதே?

கொசுவலை வழியாக எடுக்க முயல வேண்டாம், வலையைக் கழற்றுங்கள் அல்லது ஜன்னலைத் திறங்கள். கண்ணாடி என்றால் இரண்டு பக்கமும் துடைத்துவிட்டு, அறை விளக்கை அணைத்து, லென்ஸ் ஹூட் (லென்ஸின் முன்னால் மாட்டும் வளையம்) கண்ணாடியைத் தொடும்படி நேராக வையுங்கள். சாய்த்துப் பிடித்தால் உருவம் இரட்டையாகத் தெரியும்.

கேமரா செட்டிங்ஸ் என்ன வைப்பது?

எல்லாருக்கும் பொருந்தும் ஒரே கணக்கு கிடையாது, ஆனால் தொடங்குவதற்கு ஒன்று சொல்கிறேன். மேனுவல் மோடில் ஷட்டரையும் (ஒளி உள்ளே விழும் நேரம்) அப்பர்ச்சரையும் (லென்ஸ் திறக்கும் அளவு) நீங்கள் வைத்துக்கொண்டு ஐஎஸ்ஓவை (பதிவான ஒளியைக் கேமரா பெருக்கிக் காட்டும் அளவு) ஆட்டோவில் விடுங்கள். அப்பர்ச்சர் உங்கள் லென்ஸ் திறக்கும் அளவுக்கு, எஃப்/5.6 அல்லது 6.3. ஷட்டர் வேகம்தான் பறவைக்குப் பறவை மாறும். பகலில் மரப்பொந்து வாசலில் தூங்கி வழியும் புள்ளி ஆந்தைக்கு 1/125 வினாடி கூடப் போதும். கிளையில் சும்மா உட்கார்ந்திருக்கும் புள்ளிப்புறாவுக்கு 1/500. தேன்சிட்டும் தையல்சிட்டும் உட்கார்ந்திருக்கும்போதுகூட அசையாமல் இருக்காது, தலையைத் திருப்பிக்கொண்டே இருக்கும், அதற்கு 1/1000க்குக் குறையக் கூடாது. பறக்கும் படத்துக்கு 1/2000 அல்லது அதற்கு மேல்.

ஐஎஸ்ஓ 1600, 3200 என்று ஏறுவதைப் பார்த்துப் பயந்து ஷட்டரைக் குறைக்கிறவர்கள் நிறையப் பேர். நாய்ஸை, அதாவது படத்தின் கரகரப்பை, எடிட்டிங்கில் குறைக்கலாம், அசைந்து கலங்கிய கண்ணை எந்த மென்பொருளாலும் ஒழுங்காகத் திருப்பிக் கொடுக்க முடியாது.

ஃபோகஸ் எப்போதும் கண்ணில். 400 மி.மீ. லென்ஸில் எஃப்/5.6 வைத்து ஐந்து மீட்டர் தூரத்தில் இருக்கும் பறவையை எடுத்தால், தெளிவாக இருக்கும் ஆழம் மூன்றரை செ.மீ. அளவுதான். செம்போத்து மாதிரி நீளமான பறவையில் வால் கலங்கித்தான் போகும், பரவாயில்லை, கண் தெளிவாக இருந்தால் பார்ப்பவர் அதை ஏற்றுக்கொள்வார். புதிய மிரர்லெஸ் கேமராக்களில் பறவையின் கண்ணைத் தானே கண்டுபிடிக்கும் வசதி இருக்கிறது, இலைகளுக்கு நடுவே அதுவும் தடுமாறும், அப்போது ஒற்றைப் புள்ளி ஃபோகஸுக்கு மாறிவிடுங்கள். தொடர்ச்சியாக நாலைந்து படம் எடுக்கும் பழக்கம் நல்லது, ஏனென்றால் பறவைகள் ஒரு மெல்லிய மூன்றாம் இமையைக் கண்ணுக்குக் குறுக்கே அடிக்கடி இழுக்கும், அந்த நொடியில் எடுத்த படத்தில் கண் பால் படிந்ததுபோல் தெரியும். அது ஃபோகஸ் தவறு இல்லை, அடுத்த படத்தைப் பாருங்கள்.

காகம் சாம்பலாக வருகிறது, கொக்கு வெள்ளைப் பேப்பர் மாதிரி வருகிறது. ஏன்?

கேமராவுக்கு முன்னால் இருப்பது கருப்பா வெள்ளையா என்று தெரியாது, எல்லாவற்றையும் நடுத்தரச் சாம்பலாக்கப் பார்க்கும். ஃப்ரேம் முழுக்கக் கரிய பறவை இருந்தால் வெளிச்சத்தைக் கூட்டிச் சாம்பலாக்கும், அப்போது எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை (கேமரா தீர்மானிக்கும் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதி) கொஞ்சம் குறையுங்கள். அதே காகம் வெளுத்த வானத்துக்கு முன்னால் கம்பியில் உட்கார்ந்தால் நிலைமை தலைகீழ், வானத்தைப் பார்த்துக் கேமரா இருட்டாக்கிவிடும், +1 அல்லது அதற்கு மேலும் கூட்ட வேண்டிவரும். வெள்ளைப் பறவை சின்னதாகவும் பின்னணி இருட்டாகவும் இருந்தால் -1 வரை போகலாம். வெண்மார்பு மீன்கொத்தியில் மார்பு வெளுத்துப்போவது அடிக்கடி நடக்கும், அதில் இறகு அமைப்பு தெரிகிறதா என்று திரையில் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு மேலே எடுங்கள்.

ஆண் தேன்சிட்டின் பளபளப்பு கண்ணுக்குத் தெரிகிறது, படத்தில் வெறும் கருப்பாக இருக்கிறதே?

அந்த நிறம் சாயம் போல இறகில் ஊறியது இல்லை. இறகின் நுண்ணிய அடுக்குகளில் ஒளி பட்டுத் திரும்பும் கோணத்தில் பிறப்பது. வெயில் உங்கள் முதுகுப் பக்கமிருந்து பறவை மேல் விழுந்து அது உங்களைப் பார்த்துத் திரும்பினால் கழுத்து ஊதாவும் பச்சையுமாக எரியும், தலையைக் கொஞ்சம் திருப்பினால் அணைந்துவிடும். அந்தக் கோணத்தில் ஒளி கேமராவுக்கு வரவே இல்லை என்றால் எடிட்டிங்கில் நிழலைத் தூக்கினாலும் சாம்பல் கருப்புதான் கிடைக்கும், அதன் மேல் ஊதா நிறத்தைப் பூசுவது பொய்.

ஆகவே பூவின் கிழக்குப் பக்கம் நீங்கள் காலையில் உட்கார வேண்டும், வெயிலை முதுகில் வாங்கிக்கொண்டு. பறவை பூவிலிருந்து பூவுக்குத் தாவும்போது தலை எல்லாத் திசைக்கும் திரும்பும், தொடர்ந்து எடுத்தால் அந்தப் பளபளப்பு ஒரு படத்திலாவது மாட்டும். முழு ஆண் கோலத்தில் இல்லாத ஊதாத் தேன்சிட்டு மஞ்சள் வயிற்றில் தொண்டையிலிருந்து கீழே இறங்கும் ஒரு கருங்கோட்டோடு இருக்கும், அதைக் கண்டு வேறு பறவை என்று நினைத்துவிட வேண்டாம்.

பின்னணியில் சுவரும் துணியும் வாளியும் தெரிகிறது.

பறவை உட்காரும் கிளைக்கும் பின்னால் இருப்பதற்கும் இடையிலான தூரத்தைக் கூட்டுங்கள். வேலிச் செடி கிளைக்கு நாலைந்து மீட்டர் பின்னால் இருந்தால் அது வெறும் பச்சைக் குழைவாகிவிடும். பெரும்பாலும் நாம் இரண்டடி இடப்பக்கம் நகர்ந்தாலே வாளி மறைந்துவிடும். பறவையின் கண் உயரத்துக்கு இறங்குங்கள், மேலிருந்து கீழே எடுத்தால் தரை முழுக்கத் தெளிவாக விழுந்து படம் சப்பென்று ஆகிவிடும். வாளியை நகர்த்துவது எடிட்டிங்கில் வாளியை அழிப்பதைவிட எளிது.

பறக்கும் படம்?

கரிச்சானும் பஞ்சுருட்டானும் திரும்பி வரும் கிளையில் ஃபோகஸை நிறுத்திவைத்துக் காத்திருங்கள். பறவைகள் பெரும்பாலும் காற்றை எதிர்த்துக் கிளம்பும், எதிர்த்தே வந்து இறங்கும். காற்று எந்தப் பக்கம் என்று தெரிந்தால் எந்தப் பக்கம் இடம் விட்டு ஃப்ரேம் வைப்பது என்றும் தெரிந்துவிடும். கிளம்புவதற்கு முன் உடலைத் தாழ்த்தும், எச்சமிடும். அந்த நொடியில் பட்டனை அழுத்துங்கள்.

மொட்டைமாடியிலிருந்து எடுத்தால் மட்டும் தெளிவே இல்லை. லென்ஸ் கெட்டுவிட்டதா?

காலை பத்துக்கு மேல் எடுத்தீர்களா? அப்படியானால் லென்ஸ் மேல் பழி போடாதீர்கள். சூடான காரையிலிருந்தும் தகரக் கூரையிலிருந்தும் எழும் அனல் காற்றை அலைய வைக்கும், அதன் வழியாக எடுத்த எதுவும் தண்ணீருக்குள் எடுத்ததுபோல் குழம்பும். அதிகாலையில் அதே லென்ஸில் எடுத்துப் பாருங்கள்.

ராவில் எடுப்பதா, ஜேபெக்கில் எடுப்பதா?

ரா. அது சென்சார் பதிவு செய்ததைக் கேமரா பதப்படுத்தாமல் சேமிக்கும் கோப்பு. கேமராவே பதப்படுத்திச் சுருக்கும் 8 பிட் ஜேபெக் ஒவ்வொரு வண்ணத்துக்கும் 256 படிகளைத்தான் வைத்திருக்கும், 14 பிட் ரா கோப்பில் 16,384 படிகள். நிழலில் இருக்கும் குயிலின் கரிய இறகைத் தூக்கும்போதும் நிறச் சாயலைச் சரிசெய்யும்போதும் இந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். இடம் அடைக்கும் என்பது உண்மை, அதனால் எடுத்த அன்றே கலங்கியவற்றை நீக்கிவிடுங்கள்.

எந்த மென்பொருள்?

லைட்ரூம் பலருக்கும் பழக்கம், மாதச் சந்தா கட்ட வேண்டும். கட்ட விருப்பமில்லை என்றால் டார்க்டேபிள், ராதெரபி இரண்டும் இலவசம், ரா கோப்பை நன்றாகவே கையாளும், கற்றுக்கொள்ளக் கொஞ்சம் பொறுமை வேண்டும். போனில் ஸ்னாப்சீட் போதும். மென்பொருளை மாற்றிக்கொண்டே இருப்பதைவிட ஒன்றை ஆழமாகக் கற்பது மேல்.

எடிட்டிங்கை எந்த வரிசையில் செய்வது?

நான் செய்யும் வரிசையைச் சொல்கிறேன். முதலில் கண் தெளிவாக இல்லாததெல்லாம் வெளியே. அப்புறம் நாய்ஸ் குறைப்பு, லைட்ரூமில் 2023இல் வந்த ஏஐ டெனாய்ஸ் போன்றவை ரா கோப்பிலேயே வேலை செய்பவை, ஆகவே தொடக்கத்திலேயே. அதன்பின் க்ராப், சாய்வு. பிறகு ஒயிட் பேலன்ஸ், அதாவது வெள்ளை வெள்ளையாகத் தெரியும்படி நிறச் சாயலைச் சரிசெய்வது. பிறகு மொத்த வெளிச்சம், ஹைலைட்டை (மிக வெளிச்சமான இடங்களை) குறைத்து நிழலைக் கொஞ்சம் தூக்குவது. ஹிஸ்டோகிராம், அதாவது இடமிருந்து வலமாக இருட்டு முதல் வெளிச்சம் வரை காட்டும் வரைபடம், வலது ஓரத்தில் முட்டிக்கொண்டு நிற்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இதற்கு மேல்தான் பறவையை மட்டும் மாஸ்க் போட்டுத் தனியாகக் கவனிப்பது. பறவையைக் கால் ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரட்டிப்பாவது) அளவு ஏற்றி, பின்னணியை அதே அளவு இறக்கினால் போதும், யாரும் கண்டுபிடிக்க முடியாது, பறவை மட்டும் முன்னால் வந்து நிற்கும். கண்ணில் இருக்கும் ஒளிப்புள்ளியை இன்னும் கொஞ்சம் எடுத்துக்காட்டலாம், இல்லாத இடத்தில் வெள்ளைப் புள்ளி வைக்கக் கூடாது. தவிட்டுக்குருவியின் வெளிறிய கண் இயல்பாகவே எடுப்பாகத் தெரியும், அதைத் தொடவே வேண்டாம்.

கடைசியில்தான் ஷார்ப்பன், அதுவும் படத்தை வெளியிடும் அளவுக்குச் சுருக்கிய பின். லைட்ரூமில் மாஸ்கிங் ஸ்லைடரை ஆல்ட் பட்டனோடு இழுத்தால் எந்த இடமெல்லாம் கூர்மையாகிறது என்று கருப்பு வெள்ளையில் காட்டும், பின்னணி முழுக்கக் கருப்பாகும் வரை இழுங்கள். அலகைச் சுற்றி வெள்ளைக் கோடு தெரிந்தால் அளவு தாண்டிவிட்டது. வெளியிடும்போது எஸ்ஆர்ஜிபி என்ற பொதுவான நிற முறை, நீண்ட பக்கம் 2048 பிக்சல் என்று வைத்தால் பெரும்பாலான திரைகளில் நிறம் பெரிதாக மாறாமல் தெரியும்.

முடித்ததும் உடனே வெளியிடாமல் ஒரு இரவு விட்டுவைத்து, காலையில் பார்த்தால் எந்த ஸ்லைடரை அதிகம் இழுத்திருக்கிறோம் என்று சட்டென்று தெரியும்.

வெள்ளை வயிறு பச்சையாக வருகிறது.

மாவிலை, வேப்பிலை வழியாக வடிகட்டி வந்த வெளிச்சம் பச்சையாகத்தான் இருக்கும். டின்ட் ஸ்லைடரை மெஜந்தா பக்கம் கொஞ்சம் நகர்த்துங்கள். ஆனால் இலைகளும் சேர்ந்து ஊதா பூசியதுபோல் ஆகிவிட்டால் திரும்பி வந்து, பறவையை மட்டும் மாஸ்க் செய்து அதில் மாற்றுங்கள்.

மாங்குயிலின் மஞ்சளும் கிளியின் அலகும் தட்டையான கறையாகத் தெரிகின்றன.

ஒரே ஒரு வண்ணச் சானல் (சிவப்பு, பச்சை, நீலம் என்று பிரித்துப் பதிவாகும் மூன்றில் ஒன்று) மட்டும் நிரம்பி வழிந்துவிட்டது. மொத்த ஹிஸ்டோகிராம் ஒழுங்காக இருக்கும், சிவப்புச் சானல் மட்டும் முட்டியிருக்கும். சாச்சுரேஷனை (நிறச் செறிவை) கூட்டுவதை நிறுத்தி, மஞ்சளின் அல்லது சிவப்பின் பிரகாசத்தைத் தனியாகக் குறையுங்கள், இறகின் கோடுகள் திரும்பி வரும். குளிர்காலத்தில் மாங்குயில் வரும் கொல்லை என்றால் எடுக்கும்போதே எக்ஸ்போஷரைக் கொஞ்சம் குறைத்தே எடுங்கள்.

எவ்வளவு க்ராப் செய்யலாம்?

24 மெகாபிக்சல் படம் 6000க்கு 4000. நீளத்திலும் அகலத்திலும் பாதியாக வெட்டினால் 3000க்கு 2000, ஆறு மெகாபிக்சல் மிஞ்சும். பத்து அங்குல அகலத்தில் நல்ல பிரிண்ட் போட அது போதும். அதற்கும் கீழே போக வேண்டியிருந்தால் பறவையைச் சின்னதாகவே விட்டு, அது இருக்கும் மரத்தையும் சுவரையும் சேர்த்து ஒரு படமாகப் பாருங்கள். கொல்லை தெரியும் படத்தில் நம் வீட்டுப் பறவை என்ற உணர்வு இருக்கும், எனக்கு அவை மிகவும் பிடிக்கும்.

குறுக்கே வந்த கிளையை அழிக்கலாமா? ஏஐ வைத்துச் சரிசெய்யலாமா?

வீட்டுச் சுவரில் மாட்டப்போகும் படம் என்றால் ஓரத்தில் வந்த குச்சியை எடுப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை, கேட்டால் சொல்லிவிடுங்கள். போட்டிக்கோ பறவைப் பதிவுக்கோ போகும் படத்தில் எதையும் சேர்க்கவும் கூடாது, நீக்கவும் கூடாது.

ஏஐ கூர்மையாக்கும்போது என்ன செய்கிறது என்று யோசித்துப் பாருங்கள். அங்கே தகவல் இல்லை, அதனால் பொதுவாக இறகு எப்படி இருக்கும் என்று ஊகித்து வரைகிறது. லோட்டன் தேன்சிட்டும் ஊதாத் தேன்சிட்டும் ஆணில் மிகவும் ஒத்தவை, லோட்டனின் நீண்டு வளைந்த அலகும் பழுப்பு கலந்த வயிறும்தான் பிரித்துக் காட்டும். மென்பொருள் அந்த வயிற்றைக் கரிய நீலமாக்கிவிட்டால் படத்தில் இருப்பது வேறொரு பறவை. அவ்வளவு தூரம் போக வேண்டாம், ஒயிட் பேலன்ஸே இந்த வேலையைச் செய்துவிடும். ஊதாப்பிட்டுத் தேன்சிட்டின் பெட்டைக்குத் தொண்டை வெளிறிய சாம்பல், ஊதாத் தேன்சிட்டின் பெட்டைக்குத் தொண்டையும் மஞ்சள். நிறத்தைச் சூடாக்கி இழுத்தால் ஒன்று மற்றொன்றாகத் தெரியும். அழகுக்காகச் செய்யும் எந்தத் திருத்தமும் பறவையின் அடையாளத்தை மாற்றக் கூடாது, என் எடிட்டிங்குக்கு நான் வைத்திருக்கும் எல்லைக்கோடு அதுதான்.

போர்டிகோ ஒயரில் தேன்சிட்டு கூடு கட்டியிருக்கிறது. படமெடுக்கலாமா?

விட்டுவிடுங்கள் என்றுதான் சொல்வேன். வழக்கமாக நீங்கள் நடக்கும் பாதையிலிருந்து, நிற்காமல், தொலைவிலிருந்து பார்ப்பது வேறு. ஏணி போட்டு, இலையை விலக்கி, ஃப்ளாஷ் அடித்து எடுப்பது கூடாது. நாம் விலக்கும் இலைதான் காகத்துக்கும் வால்காக்கைக்கும் குஞ்சு இருக்கும் இடத்தைக் காட்டிக்கொடுக்கும், வெயிலும் நேராக உள்ளே விழும். தாய் அருகே வரத் தயங்கும் ஒவ்வொரு நிமிடமும் குஞ்சுக்கு இரை குறைகிறது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், காட்டுப் பறவைகளின் முட்டையையும் கூட்டையும் தொந்தரவு செய்வதை வேட்டை என்ற விளக்கத்துக்குள்ளேயே வைத்திருக்கிறது. குஞ்சு வெளியே வந்து கிளையில் உட்கார்ந்து தாயிடம் இரை வாங்கும் நாளுக்குக் காத்திருங்கள், அந்தப் படம் இதைவிட நன்றாக இருக்கும்.

குரலை ஒலிபரப்பி வரவழைக்கலாமா?

வேண்டாம். தன் எல்லைக்குள் எதிரி வந்துவிட்டான் என்று நினைத்துத்தான் அது ஓடி வருகிறது. இரை தேடவும் குஞ்சைப் பார்க்கவும் இருக்கும் நேரத்தை நம் படத்துக்காகச் செலவழிக்க வைக்கிறோம்.

மழைக்காலத்தில் என்ன செய்வது?

ஐப்பசி, கார்த்திகையில் வெளிச்சம் குறைவு, ஆனால் வலசை வருபவை இறங்கும் காலம் அது. ஆறுமணிக்குருவி, அரசவால் ஈப்பிடிப்பான் போன்றவை மரம் அடர்ந்த கொல்லைக்கே வந்துவிடும், ஐஎஸ்ஓ ஏறினாலும் எடுத்துவிடுங்கள். மழை விட்டதும் வரும் மேகமூட்டமான மெல்லிய வெளிச்சம் கரிய பறவைகளுக்கு மிகவும் பொருத்தமானது, குயிலின் சிவந்த கண்ணும் கரிய இறகின் பளபளப்பும் ஒரே படத்தில் கிடைக்கும். லென்ஸில் பூஞ்சை பிடிக்கும் காலமும் இதுதான். பையில் பூட்டி அலமாரியில் வைக்காதீர்கள், காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு, ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதத்துக்குள் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். ஜெல் நிறம் மாறினால் சூடாக்கி உலர்த்தித் திரும்பப் போடலாம்.

பெயர் தெரியாத பறவை. எடுத்த படத்தை வைத்து என்ன செய்வது?

ஒரு அழகான பக்கவாட்டுப் படத்தோடு நிறுத்தாமல் கால் நிறம், வாலின் அடிப்பக்கம், சிறகு தெரியும்படி கலங்கலாக இருந்தாலும் சில படங்கள் எடுத்துவையுங்கள், கதிர்க்குருவிகளை அடையாளம் காண இவைதான் உதவும். கார்னெல் பல்கலைக்கழகத்தின் பறவையியல் ஆய்வகம் நடத்தும் மெர்லின் செயலி படத்தைப் பார்த்துப் பெயர் சொல்லும், அதை முடிவாக எடுத்துக்கொள்ளாமல் பறவை நூலோடு ஒப்பிடுங்கள். அதே ஆய்வகத்தின் ஈபேர்ட் இணையதளத்தில் பட்டியலையும் படத்தையும் ஏற்றலாம். பொங்கல் விடுமுறையில் தமிழ்நாட்டில் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது, பிப்ரவரியில் உலகம் முழுக்கக் கொல்லைப்புறப் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. பதினைந்து நிமிடம் நின்று எண்ணினாலே ஒரு பட்டியல் ஆகிவிடும். காகம், மைனா என்று சாதாரணமாகத் தெரியும் பறவைகளையும் விடாமல் எழுதுங்கள், ஒரு ஊரில் அவை கூடுகின்றனவா குறைகின்றனவா என்பது அந்தப் பட்டியல்களிலிருந்துதான் தெரியவரும்.

வாட்ஸ்அப்பில் அனுப்பினால் படம் கெட்டுப்போகிறது.

படமாக அனுப்பினால் சுருக்கிவிடும். டாக்குமென்ட் என்று தேர்ந்தெடுத்து அனுப்புங்கள், அப்படியே போகும்.